பஞ்சுவின் எடை

எங்கள் தெருமுனையில் ஒரு பழைய பேப்பர் கடை உண்டு. அதன் வாசலில் ஒரு மின்னணுத் தராசு. நாளிதழ்க் கட்டுகளும், நசுங்கிய பித்தளைச் சாமான்களும், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஏறி இறங்கும் அந்தத் தட்டின்மேல், 2024ஆம் ஆண்டு பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு காலை, எங்கள் வீட்டு நாயை உட்கார வைத்தேன். கடைக்காரர் எண்ணைப் படித்தார். "எட்டு கிலோ நூறு, சார்." பிறகு அவன் பெயரைக் கேட்டார். பஞ்சு என்றேன். ஒரு கிலோ பஞ்சு கனமா, ஒரு கிலோ இரும்பு கனமா என்று பள்ளிக்கூடத்தில் கேட்பார்களே, அந்தக் கேள்வி அவர் முகத்தில் தோன்றி மறைந்தது. பஞ்சுவின் வலது முன்னங்காலுக்குள் மெய்யாகவே கொஞ்சம் எஃகு இருக்கிறது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

(நாயை 'அது' என்று எழுதுவதே இலக்கணம். எங்கள் வீட்டில் அந்த இலக்கணத்துக்கு அனுமதி இல்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

வீட்டிலேயே எடை பார்க்கும் கருவி இருக்கிறது. அவனைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தூக்காமல் ஒருமுறை ஏறி நின்று கழித்துப் பார்க்கலாம் என்பது கணக்கு. ஆனால் நான் சற்றுச் சாய்ந்து நின்றாலே முந்நூறு கிராம் கூடுகிறது, குறைகிறது. எழுபது கிலோ மனிதனுக்கு அது பொருட்டில்லை. ஐந்தாறு கிலோ நாய்க்கு அந்த முந்நூறு கிராமில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே பேப்பர் கடை.

பஞ்சு 2020 ஆகஸ்டில் பிறந்தவன். அதற்கு முந்தைய ஆண்டு ஐப்பசியில் அப்பா காலமானார். கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா சென்னைக்கு எங்களோடு வந்து சேர்ந்த சில மாதங்களில் ஊரடங்கு தொடங்கிற்று. பேச ஆளில்லை, போக இடமில்லை. நண்பர் ஒருவர் வீட்டில் குட்டி போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு, அம்மாவுக்காக என்று சொல்லிக்கொண்டு அவனை எடுத்து வந்தேன். வெள்ளை வெளேரென்று இருந்ததால் அம்மாதான் பஞ்சு என்று பெயரிட்டாள்.

2021 அக்டோபரில் அவனை நான் தோளோடு அணைத்துத் தூக்கி வைத்திருந்தபோது கைப்பேசி ஒலித்தது. ஒரு கையை எடுத்தேன். அவன் குதித்தான். நாலடி உயரம், கீழே வழவழப்பான டைல்ஸ் தரை. அந்த ஒலியை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

முன்னங்காலில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரண்டு எலும்புகளும் ஒடிந்திருந்தன. சிறிய நாய்களுக்கு மிகச் சாதாரணமாக நேர்கிற முறிவு இது என்று பின்னால் அறிந்தேன். லாரியில் அடிபட வேண்டியதில்லை. சோபாவிலிருந்தோ ஒருவர் கையிலிருந்தோ குதித்தாலே போதும். அந்த எலும்பு பென்சிலைவிட மெலிந்தது. அதைவிட முக்கியமாக, சிறிய இன நாய்களுக்கு அந்த இடத்தில் இரத்த ஓட்டம் குறைவு; வெறும் மாவுக்கட்டோடு விட்டால் பல நேரங்களில் எலும்பு ஒட்டுவதில்லை. எங்களுக்கும் அதுவே நேர்ந்தது. முதலில் போன இடத்தில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னார். மூன்று வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் இரு முனைகளும் ஒன்றையொன்று பாராமல் நின்றன. வேறொரு மருத்துவர், நடுவயதுப் பெண்மணி, அறுவை செய்து மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை ஆறு திருகாணிகளால் எலும்போடு பொருத்தினார். பிறகு எட்டு வாரம் கூண்டுக்குள் ஓய்வு.

அந்த எட்டு வாரத்தில்தான் எங்கள் தவறு தொடங்கியது. ஒட்ட வேண்டியது எலும்பு. ஆகவே ஊட்ட வேண்டும் என்று நினைத்தோம். அம்மா நாள் தவறாமல் ஆட்டுக்கால் சூப் வைத்தாள். காலுக்குக் கால் என்பது நம் ஊரில் கேள்வி கேட்கப்படாத வைத்தியம். நான் கோழி ஈரலும் முட்டையும் வாங்கி வந்தேன். என் கையிலிருந்து விழுந்தவன் என்பதால் என் கையால் ஊட்டினேன். அவன் நடமாட்டமோ நாலடிக்கு மூன்றடிக் கூண்டுக்குள். தகடு நன்றாகப் பிடித்தது, எலும்பு ஒட்டியது, அவன் மறுபடி ஓடினான். ஊட்டுவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. மறு ஆண்டு கருத்தடை அறுவையும் செய்தோம். அதற்குப் பின் நாய்களுக்கு உணவுத் தேவை குறையும் என்பதை எங்களிடம் சொல்லியிருப்பார்கள். நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை என்பதே உண்மை.

எடை கூடியது கண்ணில் படவில்லை. அவன் உடலெங்கும் அடர்ந்த முடி. பார்ப்பவர்கள் "கொழுகொழுன்னு இருக்கான்" என்றார்கள், அம்மா முகம் மலர்ந்தது. 2023 மார்கழிக் குளிரில் காலையில் எழுந்ததும் வலது முன்னங்காலைத் தரையில் வைக்கத் தயங்கினான். நடந்து நடந்து பத்து நிமிடத்தில் சரியாகும். பொங்கலுக்குள் அரை மணி நேரமாயிற்று. தகடு கழன்றுவிட்டதோ என்று பயந்தேன்.

மருத்துவரிடம் போவதற்குமுன் நானே இணையத்தில் தேடியது ஒரு தனிக் கூத்து. பொமரேனியன் நாயின் சரியான எடை என்ன என்று தேடினேன். அமெரிக்க இனத் தரப்படி மூன்றிலிருந்து ஏழு பவுண்டு. அதாவது ஏறக்குறைய 1.4 முதல் 3.2 கிலோ. எங்களவன் 8.1. ஏறத்தாழ மூன்று நாய்களை ஒரே தோலுக்குள் வளர்த்துக்கொண்டிருக்கிறேன் என்ற முடிவுக்கு வந்து, அன்றிரவு தூங்கவில்லை. மருத்துவர் சிரித்தார். நம் ஊரில் பொமரேனியன் என்று எல்லாரும் சொல்வது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். 1994இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் டஃப்பியாக வந்து புகழ்பெற்ற அதே இனம். அவற்றில் சிறிய வகை ஐந்திலிருந்து ஏழு கிலோ வரை இருக்கலாம். "அட்டவணையை விடுங்க. கையைக் கொடுங்க" என்றார்.

அன்று அவர் கற்றுக்கொடுத்ததை நாய் வளர்க்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. இடக்கையை முஷ்டியாக மூடி, விரல் மொட்டுகளின்மேல் வலக்கை விரல்களை ஓட்டிப் பாருங்கள். விலா அப்படி முட்டிக்கொண்டு தெரிந்தால் நாய் மெலிந்திருக்கிறது. இப்போது இடக்கையை விரித்து நீட்டி, புறங்கையின்மேல் ஓட்டுங்கள். மெல்லிய தோலுக்கடியில் எலும்புகள் ஒவ்வொன்றாய்த் தட்டுப்படும். அதுவே சரியான உடம்பு. கையைத் திருப்பி, உள்ளங்கைச் சதையை அழுத்திப் பாருங்கள். எலும்பு இருக்கிறதென்று ஊகிக்கத்தான் வேண்டும். பஞ்சுவின் விலா அப்படித்தான் இருந்தது. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின் இடை சற்று ஒடுங்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு பின்னோக்கி மேலேற வேண்டும். அடர்முடி நாய்க்குக் கண்ணை நம்பக் கூடாது, விரலைத்தான் நம்ப வேண்டும். மருத்துவர்கள் இதை ஒன்பது படிகளாகப் பிரித்து மதிப்பிடுகிறார்கள். நான்கும் ஐந்தும் நல்ல நிலை. எங்களவன் எட்டு.

எக்ஸ்ரேயில் தகடு அசையாமல் இருந்தது. மணிக்கட்டு மூட்டில்தான் தேய்மானத்தின் தொடக்கம். நாய் நிற்கும்போது உடல் எடையில் அறுபது சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. முறிவுக்கு முன் அவன் 5.2 கிலோ; முன்னங்கால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். இப்போது 2.4 கிலோ. வெறுமனே நிற்கையிலேயே இவ்வளவு. ஓடும்போதும் படியிலிருந்து இறங்கும்போதும் சுமை பல மடங்கு. கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டையும் அன்று. மூட்டழற்சியை வளர்க்கும் பொருள்களை அது தானே சுரக்கிறது. ஒடிந்து ஒட்டிய காலுக்கு இரண்டு பக்கமும் அடி.

அப்படியானால் பழைய 5.2க்கே இறக்கிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அது பதினான்கு மாத வயதின் எடை, அவன் உடம்பு அப்போது முழுமையாய் நிறைந்திருக்கவில்லை. அந்த எண்ணைத் துரத்தினால் கொழுப்போடு தசையும் கரையும். கட்டுக்குள்ளும் கூண்டுக்குள்ளும் கிடந்த காலில் ஏற்கெனவே தசை குறைவு. மூட்டைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தசைதான். ஆறு கிலோவை ஒட்டி எங்கே விலா புறங்கைபோல் தட்டுப்படுகிறதோ அங்கே நின்றுவிடலாம். வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் மட்டும், அதாவது 80 முதல் 160 கிராம். முதல் இலக்கு அரைக் கிலோ. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மூட்டுத் தேய்மானமுள்ள பருத்த நாய்கள் பதினான்கை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், ஏறக்குறைய ஆறு சதவீத எடை குறைந்தபோதே நொண்டல் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது என்று கண்டிருக்கிறார்கள். பஞ்சுவுக்கு அந்த ஆறு சதவீதம் என்பது 490 கிராம்.

வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார். நமக்குச் சாதாரணமான ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். அவன் எடைக்கேற்ற மருந்தை அவரே எழுதித் தந்தார்.

பிறகு அவர் வைத்ததுதான் கடினமான தேர்வு. மூன்று நாளைக்கு அவன் வாய்க்குள் போகிற ஒவ்வொன்றையும் எழுதி வரச் சொன்னார். எழுதினோம். காலையில் அரை தம்ளர் பால், இரண்டு மாரி பிஸ்கட். அம்மா சாப்பிடும்போது ஓர் இட்லி. பகலில் நெய்யும் தயிரும் பிசைந்த சாதம், முட்டை. மாலைத் தேநீர் நேரத்தில் மறுபடி இரண்டு மாரி, முறுக்கு இருந்தால் முறுக்கு. இரவு கடைத் தீவனம், கிண்ணம் நிறைய. கூட்டிப் பார்த்தால் நாளுக்கு அறுநூற்றைம்பது கலோரி வந்தது. மருத்துவர் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டார். எடையின் முக்கால் அடுக்கை எழுபதால் பெருக்க வேண்டும். ஆறு கிலோ நாய்க்கு 268. இளைக்க வேண்டிய நாய்க்கு அவ்வளவே ஒரு நாள் உணவு. இதில் பத்தில் ஒரு பங்குக்குமேல் தின்பண்டம் கூடாது. ஒரு மாரி பிஸ்கட் ஏறக்குறைய 25 கலோரி. ஆக, அவனுக்கு ஒரு நாளைக்கு உரிய தின்பண்டம் மொத்தமும் ஒரே ஒரு பிஸ்கட். நம் உணவோடு ஒப்பிட்டால் அந்த ஒன்று நமக்கு மூன்று நான்கு இட்லிக்குச் சமம். நான்கு பிஸ்கட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் மிகை; ஆனால் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

சாம்பார் சாதத்து வெங்காயமும் பாயசத்துத் திராட்சையும் எடைக் கணக்குக்கே வராமல் நேரே நஞ்சு என்பதும் அன்றுதான் தெரிந்தது. எத்தனை பாயசம் நக்கியிருப்பான் என்று நினைத்துப் பார்க்க அச்சமாக இருக்கிறது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. இரவு சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாள்: "உங்கப்பாவுக்குப் பதினஞ்சு வருஷம் அளந்து அளந்துதான் போட்டேன். கடைசி மாசம் ஒரு ஜாங்கிரி கேட்டாரு. சர்க்கரை ஏறிடும்னு பாதிதான் கொடுத்தேன். என்ன ஆயிடுச்சு? வாயில்லாத ஜீவன், இதுக்கும் நான் அளக்கணுமா?"

என்னிடம் பதில் இல்லை. அப்பா தமிழாசிரியர். மருந்து அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறு உண்ணும் அளவைப் பற்றியே பேசுகின்றன என்று வகுப்பெடுப்பார். வகுப்பு முடிந்ததும் ஜாங்கிரி தேடுவார். அந்த அரை ஜாங்கிரியை அம்மா நான்காண்டுகளுக்கு மேலாகச் சுமந்துகொண்டிருக்கிறாள் என்பதை அன்றிரவுதான் அறிந்தேன். பஞ்சு தின்ற பிஸ்கட்டெல்லாம் அந்த மீதிப் பாதிதான் என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் கலோரிக் கணக்கை நீட்டுவது எப்படி?

வேறொன்றைச் சொன்னேன். பியூரினா நிறுவனம் 1987இல் தொடங்கிய ஆய்வு ஒன்று உண்டு. நாற்பத்தெட்டு லாப்ரடார் குட்டிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒன்றுக்கு வழக்கமான உணவும் அதன் இணைக்கு அதில் கால்பங்கு குறைத்தும் வாழ்நாள் முழுக்கக் கொடுத்தார்கள். முடிவுகள் 2002இல் வந்தன. குறைத்து உண்டவை நடுமதிப்பாக 13 ஆண்டுகள் வாழ்ந்தன; மற்றவை 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. (நாய்த் தீவனம் விற்கிற நிறுவனம் குறைவாகப் போடச் சொல்லும் ஆய்வை வெளியிட்டது என்பதாலேயே எனக்கு அதில் நம்பிக்கை அதிகம்.) அம்மா கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு வருஷமா கூட?" என்று மட்டும் கேட்டாள். கிட்டத்தட்ட என்றேன்.

மறுநாள் ஒப்பந்தம் ஆயிற்று. தீவனம் கிண்ணத்தால் அளப்பதில்லை. சமையலறைத் தராசில் நாளுக்கு 65 கிராம், இரண்டு வேளையாக. வீட்டுச் சாப்பாட்டைக் குறைத்துப் போட்டால் சத்துகள் சமன் கெடும் என்று மருத்துவர் சொன்னதால் தீவனமே முதன்மை. வயிறு நிரம்பினாற்போல் இருக்க வேகவைத்த பீன்ஸும் கேரட்டும் கொஞ்சம். மாரி பிஸ்கட் ஒன்று. அது அம்மாவின் பங்கு, அம்மா மட்டுமே கொடுப்பாள். அவள் அதை எட்டாக உடைத்தாள். காலையிலிருந்து இரவுவரை எட்டு முறை அவன் அவளிடம் வரலாம். துணுக்கு எத்தனை பெரியது என்பது பஞ்சுவுக்குப் பொருட்டாகவே இல்லை. எத்தனை முறை கை நீள்கிறது என்பதைத்தான் அவன் எண்ணினான். தரையில் அவன் நடமாடும் வழியெல்லாம் பாய் விரித்தோம். சோபாவுக்கு ஒரு மணை போட்டோம். காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம், கயிற்றில் பிடித்து மெதுவான நடை.

ஞாயிறுதோறும் பேப்பர் கடை. மார்ச் கடைசியில் 7.6 வந்தது. அந்த அரைக் கிலோவின் வித்தியாசத்தை நான் நம்பியிருக்கவில்லை. காலை நொண்டல் இரண்டு மூன்று நிமிடமாய்ச் சுருங்கியிருந்தது. பிறகு மே மாதம் முழுக்க 7.2இலேயே நின்றது. ஒரு கிராம் இறங்கவில்லை. எனக்கு அம்மாமேல் சந்தேகம். நேரே கேட்கத் துணிவில்லாமல், "நோட்டுல எல்லாம் எழுதுறியாம்மா?" என்றேன். அவள் எழுதிக்கொண்டுதான் இருந்தாள், அப்பாவின் பழைய மதிப்பெண் பதிவேட்டின் வெற்றுப் பக்கங்களில். எடுத்து நீட்டினாள். 65 கிராம், பீன்ஸ், மாரி ஒன்று. அதன் கீழே ஒவ்வொரு நாளும் அவளுடைய சாய்ந்த கையெழுத்தில்: "ராத்திரி, தம்பி தட்டுல இருந்து தயிர்சாதம், ஒரு கவளம்."

தம்பி என்று அவள் குறிப்பிடுவது என்னை. ஒரு மாதமாக என்னிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிட்டு முடிக்கும்போது அவன் என் முழங்காலில் அந்த வலது முன்னங்காலை வைப்பான். கை தானாகக் கீழே போகும். அவன் என் கையிலிருந்து விழுந்தவன் அல்லவா. கொடுத்தேன் என்ற நினைவுகூட எனக்கு இருந்ததில்லை.

அன்றிலிருந்து நான் சாப்பிடும்போது அவன் அம்மாவின் அறையில் இருக்கிறான்.

அக்டோபர் இறுதியில் 6.3 ஆயிற்று. விலா என் புறங்கைபோல் தட்டுப்பட்டது. மருத்துவர் தடவிப் பார்த்து, இங்கேயே நிறுத்துங்கள் என்று தீவனத்தைக் கொஞ்சம் கூட்டினார். கால் முழுக்கச் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. மழை நாளில் இன்னும் எழுந்ததும் ஒருமுறை தயங்குகிறான். தேய்ந்தது தேய்ந்ததுதான். ஆனால் மருந்து இப்போது தினமும் வேண்டியிருப்பதில்லை, மொட்டைமாடிப் படிகளை என்னைக் கேட்காமலே ஏறுகிறான்.

தீபாவளி கழிந்து சில நாளில் அப்பாவின் திதி வந்தது. அம்மா இலையில் படையல் வைத்தாள். வாழைக்காய், வடை, பாயசம், ஓரத்தில் ஒரு முழு ஜாங்கிரி. பஞ்சு வாசற்படியில் உட்கார்ந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காக்கைக்கு வைத்துவிட்டு வந்த அம்மா, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். அன்று அது நான்காவது துணுக்கு.